பன்னிரண்டில் இறங்கிய கால்கள்

அந்த இயந்திரம் ஆலைக்குள் வந்தபோது அதைச் சந்தேகப்பட்ட முதல் ஆள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பின்னால் அங்கிருந்த அத்தனை பேரும் என்னைத்தான் அந்த இயந்திரத்தின் ஆள் என்று முடிவு கட்டினார்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்பு ஆலை. பழைய இரும்பை உருக்கி, மணல் அச்சில் ஊற்றி, பம்பு உறையும் வால்வு உறையும் செய்கிற இடம். கேன்டீனை ஒட்டிய சுகாதார அறையில் நான் பிசியோதெரபிஸ்ட். பொன்னேரியிலிருந்து மின்சார ரயிலில் வந்து போகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான் ஒருவன்தான். என் அப்பா நிறையத் தாள்களில் கட்டைவிரல் வைத்தவர். அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அதனால் எந்தத் தாள் கைக்கு வந்தாலும் அடியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பது என் வழக்கம். மோசமானதை அடியில்தான் வைப்பார்கள்.

இயந்திரம் பார்வைக்குப் பெரிய எடைக்கருவி மாதிரி இருந்தது. இரண்டு பேர் நிற்கிற அளவு மேடை, முன்னால் இடுப்புயரத்தில் கைப்பிடி, அதன் தலையில் சின்னத் திரை. பொத்தானை அழுத்தினால் மேடை மெல்ல நடுங்கும். முழங்காலைச் சற்று மடக்கி அதன்மேல் நின்றால் நடுக்கம் பாதத்தில் ஏறி, கெண்டைக்கால், தொடை, இடுப்பு என்று வரும். நாம் ஒன்றும் செய்யாமலேயே தசைகள் இறுகி இறுகித் தளரும். அதை வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து விளக்கினார். பத்து நிமிடம் நின்றால் ஒரு மணி நேரம் நடந்ததற்குச் சமம் என்றார்.

"யாருக்குச் சமம்?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் சார்."

எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்கிற எதையும் நான் படிப்பில் பார்த்ததில்லை. ஆனால் மனிதவள மேலாளர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார். அந்த மழைக்காலத்தில் ஊற்றுகிற இடத்தில் ஒருவர் ஈர மணலில் சறுக்கி, கொண்டுபோன இரும்பு தரையில் கொட்டியிருந்தது. யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அதன்பிறகுதான் தொழிலாளர்களின் சமநிலையை வளர்க்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. மூன்று மாதம் அந்த மேடை, அதோடு வயிறு, முதுகு, இடுப்புத் தசைகளுக்கான பயிற்சி. நடத்த வேண்டியவன் நான். பயிற்சியில் எனக்கு முழு நம்பிக்கை இருந்தது. மேடையில் பாதிதான். சிலருக்கு உதவலாம், யாருக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

தொழிலாளர்களுக்கு அந்தப் பாதியும் இல்லை. மேடையை முதலில் பார்த்தவர் அச்சுப் பிரிவிலிருந்து டீ குடிக்க வந்தவர். வார்த்த இரும்பிலிருந்து மணலை உதிர்க்க ஆலையில் பெரிய இரும்புச் சல்லடை ஒன்று உண்டு. ஷேக் அவுட் என்பார்கள். நாள் முழுக்கத் தரை அதிர ஆடிக்கொண்டிருக்கும்.

"தோ பார்றா, ஷேக் அவுட்டுக்குக் குட்டி பொறந்துகீது!" என்று கத்தினார் அவர்.

"காலைலேர்ந்து நாம ஆடுற ஆட்டம் பத்தலயாம். நாஷ்டா துன்னுட்டு வந்து இங்கயும் ஆடணுமாம்" என்றார் இன்னொருவர்.

கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. வேலையில் நாள் முழுக்க வாங்குகிற அதிர்வு முதுகைக் கெடுக்கும்; இது சில நிமிடம், அளவோடு, நடுவில் ஓய்வோடு என்று விளக்கினேன். மேடை நடுங்கும்போது எந்தக் காலில் பாரம் இருக்கிறது, முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று உடம்பு தன்னையே கேட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பழக்கம் வந்தால் சறுக்கினாலும் விழாமல் சமாளிக்கலாம் என்றேன். ஊற்றும் பிரிவின் மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"தம்பி, நெசத்தச் சொல்லு. இது ஆள நிக்க வெக்கறதுக்கா, வெளிய அனுப்பறதுக்கா?"

"அப்படியெல்லாம் இல்லண்ணா."

"உனுக்கு அப்டி இல்ல. அவுங்களுக்கு?"

ஒவ்வொருவருக்கும் நான் நிரப்ப வேண்டிய படிவத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. 'தற்போதைய பணிக்குத் தகுதி: ஆம் / இல்லை.' மேலாளரிடம் போய்க் கேட்டேன்.

"அதெல்லாம் ஃபார்மாலிட்டி. ஃபார்மட்டே அப்படித்தான். நீங்க ஃபில் பண்ணிக் குடுங்க, நாங்க பார்த்துக்கறோம்."

'நாங்க பார்த்துக்கறோம்' என்பது எங்கள் வீட்டில் நிறையப் பேர் சொல்லிக் கேட்ட வார்த்தை.

எனக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. அதே ஊற்றும் பிரிவில் என் அக்காவின் கணவர் வேலை செய்தார். ஏழு வருடமாக, ஒப்பந்ததாரர் வழியாக. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே, "ஆபீஸ்ல மூச்சு வுடாத மச்சான். நாளிக்கு உனுக்கு ஒண்ணுன்னா என்னைப் புடிப்பான், எனுக்கு ஒண்ணுன்னா உன்னைப் புடிப்பான்" என்று சொல்லிவிட்டார். ஆலைத் தரையில் எல்லோருக்கும் தெரியும். அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

மாமாவின் வேலை லேடில் பிடிப்பது. லேடில் என்பது உருகிய இரும்பைச் சுமக்கிற வாளி. நீளமான இரும்புத் தண்டின் நடுவில் வளையம், வளையத்தில் வாளி. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் தண்டைப் பிடித்து உலையிலிருந்து அச்சுப் பெட்டி வரை நடப்பார்கள். பின்னால் பிடிப்பவர்தான் வாளியைச் சாய்த்து ஊற்றுவார். மாமா பின்னால். முன்னால் பிடிப்பவர் ஆரம்பாக்கம் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எல்லோரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். அவர் நடக்கும்போது கொதிக்கிற இரும்பு அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு எட்டு தூரத்தில் வந்துகொண்டிருக்கும். திரும்பிப் பார்க்க முடியாது. பின்னால் இருக்கிறவனின் கால்களை நம்பித்தான் அவர் நடக்க வேண்டும்.

முதல் நாள் சோதனைக்கு இருபத்தெட்டுப் பேரை அனுப்பினார்கள். காலணியைக் கழற்றி, வெறுங்காலில், ஒற்றைக் காலை ஊன்றி, கண்ணை மூடி நிற்க வேண்டும். தூக்கிய கால் தரையைத் தொடும் வரை எத்தனை வினாடி என்று நான் குறிக்க வேண்டும். காலணியைக் கழற்றச் சொன்னதுதான் பெரிய பேஜாராகிவிட்டது. "நாத்தம் தாங்காது டாக்டரே, உனுக்குத்தான் கஷ்டம்" என்றார்கள். கழற்றிய கால்களில் பொட்டுப் பொட்டாகத் தழும்புகள். ஒவ்வொருவராக ஏறி நின்றார்கள், இறங்கினார்கள்.

முதல் ஆள் பன்னிரண்டு வினாடி. இரண்டாவது ஆளும் பன்னிரண்டு. மூன்றாவது ஆள் பதினொன்று. அடுத்து பன்னிரண்டு, பன்னிரண்டு, பதின்மூன்று, பன்னிரண்டு. இருபத்திரண்டு வயதுக்காரனும் ஐம்பது வயது மேஸ்திரியும் ஒன்றுபோல் நின்றார்கள். கடிகாரம்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கைப்பேசியில் சரிபார்த்தேன். கடிகாரம் நன்றாகவே ஓடியது.

பத்தொன்பதாவது ஆளாக மாமா வந்தார். மூன்று வினாடியில் கால் இறங்கிவிட்டது. இன்னொரு தடவை நிற்கச் சொன்னேன். நான்கு. இரண்டாம் தடவை சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"தூக்கம் இல்ல மச்சா... சார்" என்றார். வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் மறுபடியும் பன்னிரண்டு.

அன்று மாலை ரயிலில் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு வந்தேன். என்னை வைத்து விளையாடுகிறார்கள் என்பது வரை புரிந்தது. எப்படி என்று புரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இருபத்தேழு பேர் ஒரே இடத்தில் எப்படி இறங்க முடியும்?

மறுநாள் ஊற்றுகிற நேரத்தில் அந்தப் பிரிவுக்குப் போய் நின்றேன். புகையும் வெளிச்சமுமாக இருந்தது. மாமாவும் அவர் கூட்டாளியும் லேடிலோடு ஒரு பெட்டி முன்னால் நின்றார்கள். மாமா சாய்த்தார். இரும்பு மெல்லிய நூலாக இறங்கியது. முகக் கவசத்துக்குள் அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. பக்கத்துப் பெட்டியில் ஊற்றியவருக்கும் அசைந்தது. நேற்று என் அறையில் கண்ணை மூடி நின்ற இருபத்தேழு பேருக்கும் இப்படித்தான் அசைந்தது, நான் கவனித்தும் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். இங்கே கடிகாரம் பார்த்து யாரும் ஊற்றுவதில்லை. வாய்க்குள் எண்ணுவார்கள். சின்னப் பெட்டி பன்னிரண்டு எண்ணினால் நிரம்பும். வேகமாக ஊற்றினால் அச்சு உடையும், மெதுவாக ஊற்றினால் இரும்பு பாதியில் உறையும். வேலைக்கு வருகிற எல்லோரும் முதலில் பழகுவது அந்த எண்ணும் வேகத்தைத்தான்.

மேஸ்திரியைத் தேடிப் பிடித்தேன். "அண்ணா, பன்னெண்டு இன்னா கணக்கு?"

அவர் மறைக்கவில்லை. "சின்னப் பாக்ஸ் கணக்கு. நான்தான் சொன்னேன்."

"ஏண்ணா?"

"ரொம்ப நேரம் நின்னா, நல்லா நிக்கிறான்னு கூரை மேல ஏத்தி ஷீட்டு மாத்தச் சொல்லுவான். சீக்கிரம் உழுந்தா கேட்டுக்கு வெளிய தள்ளுவான். அதான் எல்லாம் நடுவுல நில்லுங்கன்னேன். எல்லாம் ஒண்ணா இருந்தா யாரை எடுப்பான்? தப்பா?"

"எல்லாம் ஒண்ணா இருந்ததாலதாண்ணா அந்த மூணு செகண்டு தனியா தெரியுது."

அவர் சிரிப்பு நின்றது. யாரைச் சொல்கிறேன் என்று கேட்கவில்லை. "உன் மாமன் மொறதானே, கிண்டலுக்குப் பண்ணியிருப்பான், வுடு" என்றார். அவர் சொன்ன வேகத்திலேயே அவருக்கும் அதில் நம்பிக்கையில்லை என்று தெரிந்தது.

எனக்கு வேறு சந்தேகம் வந்தது. குடிக்கிறாரோ? அந்த வாரம் அக்கா வீட்டுக்குப் போனபோது, மாமா கடைக்குப் போன சமயம் பார்த்து அக்காவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். ராத்திரி நன்றாகத் தூங்குகிறாரா, காலையில் தலை வலிக்கிறது என்கிறாரா என்று.

அக்கா வெங்காயம் அரிந்துகொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "இன்னாடா போலீசாட்டம் கேட்டுக்கினு? குடிக்கிறாரான்னு கேளேன் நேரா."

"குடிக்கிறாரா?"

"உன்னையும் என்னையும் விடச் சுத்தம் அந்த மனுசன். கால்ல செருப்பு கழண்டு வழில வுட்டுட்டு வந்துடறாரு, அதான் ஒரே பேஜாரு. ரெண்டு ஜோடி போச்சு."

செருப்பு கழன்றது கூடவா தெரியாது என்று நான் கேட்டிருக்க வேண்டும். என் மனம் குடியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தது. அவள் புருஷனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று நினைத்தேன்.

பயிற்சி தொடங்கியது. வாரம் மூன்று நாள், சாப்பாட்டு இடைவேளைக்கு முன்னால், கேன்டீன் மேசைகளை ஒதுக்கிவிட்டு. முழங்கையையும் கால் விரல்களையும் ஊன்றி உடம்பைப் பலகை போல் பிடிப்பது, மல்லாந்து படுத்து இடுப்பை மட்டும் தூக்குவது, மண்டியிட்டு ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டுவது. மூச்சை அடக்காதீர்கள், வயிற்றை உள்ளே இறுக்குங்கள் என்று நான் கத்திக்கொண்டிருப்பேன்.

"இப்டி படுத்துக்கினு எந்த இரும்பை ஊத்தறது டாக்டரே?"

"ஊட்ல இத்த பண்ணிக் காட்னேன். என் பொஞ்சாதி மூஞ்சில தண்ணி தெளிச்சிட்டா."

"எம்டி ரூமு முன்னாடி இப்டி படுக்கலாமா? சம்பளம் ஏத்துவாரா?"

சிரித்துக்கொண்டே செய்தார்கள். ஆனால் மேடையில் மட்டும் யாரும் குறித்த நேரத்துக்கு மேல் ஒரு நொடி நிற்கமாட்டார்கள். அதற்குள் ஏதோ பதிவாகிறது, ரத்த அழுத்தம், குடி, வயசு எல்லாம் அலுவலகத்தில் தெரிந்துவிடும் என்று பேச்சு. ஒருவர் திரைமேல் கைக்குட்டையைப் போட்டு மூடிவிட்டுத்தான் ஏறுவார்.

மாமா மட்டும் இறங்கமாட்டார். தன் முறை முடிந்தும் நிற்பார். இடைவேளையில் சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டு வந்து, "அந்த மெஷினைப் போடு மச்சான், ரெண்டு நிமிஷம்" என்பார். கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். பலகைப் பயிற்சிக்கு முனகுகிறவர் இதற்கு மட்டும் ஏன் இப்படி வருகிறார் என்று எனக்கு உறுத்தியது. ஆறாவது வாரம் ஒரு நாள் அறையில் வேறு யாரும் இல்லை. அவர் இறங்குவதற்குள் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"இன்னா மாமா, இதுல இன்னா இருக்குது உனக்கு?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இது மேல நின்னாத்தான் எனுக்குக் காலுன்னு ஒண்ணு கீதுன்னே தெரியுது மச்சான்."

நாற்காலியில் உட்காரச் சொல்லி அவர் பாதத்தை என் மடிமேல் எடுத்து வைத்தேன். வலது சுண்டுவிரலுக்குக் கீழே ஆறிக்கொண்டிருந்த தீக்காயம். எப்போது பட்டது என்றேன். பட்டதே தெரியாது என்றார். அலமாரியிலிருந்து இசைக்கவையை எடுத்தேன். தட்டினால் ரீங்காரமிட்டு அதிர்கிற இரண்டு கிளை உள்ள எஃகுக் கருவி அது. அதன் காம்பைக் கால் கட்டைவிரல் எலும்பில் வைத்தால் அதிர்வு தெரிய வேண்டும்.

"கண்ணை மூடிக்கோ மாமா. நான் வெச்சதும் உன்னால உணர முடிஞ்சா சொல்லு. அதிர்றது நின்னதும் சொல்லு."

தட்டினேன். வைத்தேன். காம்பு என் விரல்களுக்குள் துடித்துக்கொண்டிருந்தது. அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். அது அடங்கி நின்றே போனது.

"வை மச்சான்" என்றார் கண்ணைத் திறக்காமல். "எம்மாம் நேரம் மூடிக்கினே இருக்கறது?"

கவையை மறுபடியும் தட்டினேன். கணுக்காலில் வைத்தேன், இல்லை. முழங்காலில் வைத்தபோதுதான், "ஆங், இப்பதான் வெச்ச" என்றார். விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை பார்த்தேன். அந்த எண்ணைப் பார்த்ததும் இன்னொரு விரலில் குத்தி மறுபடியும் பார்த்தேன். அதேதான். வருடக்கணக்காக அவருக்குச் சர்க்கரை இருந்திருக்க வேண்டும். அது பாதத்தின் நரம்புகளை மெல்லச் சாகடித்துக்கொண்டு வந்திருக்கிறது. கண் திறந்திருக்கும் வரை பார்வையை வைத்துச் சமாளித்திருக்கிறார். கண்ணை மூடினால் உடம்புக்குக் கால் எங்கே என்று தெரியவில்லை. மூன்று வினாடி அவர் விளையாடியதல்ல. அந்த இருபத்தெட்டில் அது ஒன்றுதான் உண்மையான எண்.

"மாமா, நீ லேடில் புடிக்கக் கூடாது."

"இந்த மெஷின்ல நின்னா சரியாயிடும். கொஞ்சம் கொஞ்சமா உணர்ச்சி வந்துகினுகீது."

"அது சரியாக்குமான்னு எனக்குத் தெரியாது. உனக்கு ஆக்கும்னு என்னால சொல்ல முடியாது. மொதல்ல டாக்டர், சர்க்கரைக்கு மருந்து. அதுவரைக்கும் இதுவும் வேணாம், கால்ல புண்ணு இருக்குது."

அவர் காலுறையை மாட்டிக்கொண்டே இருந்தார். அதை மாட்ட இவ்வளவு நேரம் ஆகாது.

"லேடில் இல்லன்னா கான்ட்ராக்டர் என்னை வெச்சிக்கினு இன்னா பண்ணுவான்? கேட்ல கார்டு புடுங்கிடுவான். ஏழு வருசம். வேற எந்தக் கம்பெனிக்காரன் மெடிக்கல் பாக்காம எடுக்கறான்? சொல்லு." நிமிர்ந்து பார்த்தார். "கையெழுத்து போடக் கத்துக்கினு எங்க மேலயேதான் போடணுமா?"

அது எனக்கு வலிக்க வேண்டும் என்றே சொன்னது. வலித்தது. ஆனால் அவருக்கு முன்னால் நடக்கிற மனிதரின் முதுகும் என் கண்ணில் நின்றது.

"நீயே உன் கூட்டாளிகிட்டச் சொல்லு. அவருக்குத் தெரியணும். இன்னிக்கு ஊத்தறதுக்கு முன்னாடி சொல்லு. இல்லன்னா நான் சொல்லுவேன்."

காலணியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று பாதியில் கிளம்பியும் விட்டார். எனக்கு வந்த முதல் எண்ணம் என்ன தெரியுமா? தப்பிக்கிறார் என்று. அக்காவின் முகம் நினைவுக்கு வந்ததும், 'ஆம்' என்று ஒரு வட்டம் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் என்ன என்று இரண்டாவது எண்ணம் வந்தது. அப்போதிலிருந்து என்னையும் நான் சந்தேகப்படத் தொடங்கினேன்.

மறுநாள் காலை ஷிப்டு தொடங்கும் முன் ஆரம்பாக்கத்துக்காரர் அறைக்கு வந்தார்.

"நைனா, அவன் ஊட்டுக்கே வந்து சொல்லிட்டான்."

நான் எழுந்து நின்றேன். அவர் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"எனுக்குத் தெரியும். ரொம்ப நாளா."

"எப்படி?"

"தண்டு சொல்லும் நைனா. அவன் கால் தடுமாறுனா தண்டு என் கைல இழுக்கும். அதான் நான் வாய் ஓயாம பேசிக்கினே நடப்பேன். மணலு, பைப்பு, ஈரம், மேடுன்னு. எல்லாம் எனுக்கு வாய்க்கொழுப்புன்னு நெனச்சிக்கினு கீறானுங்க. அவனுக்குத்தான் சொல்லிக்கினு வர்றேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா வெக்கப்படுவான்."

எனக்குக் கோபம்தான் வந்தது. "ஏண்ணா மேஸ்திரிகிட்டச் சொல்லல? உங்க உயிராச்சே?"

"சொன்னா புது ஆளைப் போடுவான். புது ஆளு காலு நல்லா நடக்கும், கணக்கு தப்பும். இவன் காலு தப்பும், கணக்கு தப்பாது. எது மேலுன்னு நெனச்சேன்." சொல்லிவிட்டுக் குனிந்து இடது காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார். கெண்டைக்காலின் பின்புறம் முழுக்கச் சின்னச் சின்னத் தீப்பொட்டுகள். பழையதின் மேல் புதியது. "ஆனா கொஞ்சம் கொஞ்சமா சிந்திக்கினுதான் கீது. இதுவும் அவனுக்குத் தெரியாது. நீயும் சொல்லாத."

நான் மேசையிலிருந்த மாமாவின் படிவத்தை எடுத்தேன்.

"எழுது நைனா" என்றார். "லேடில் வேணாம்னு எழுது. வேலை வேணாம்னு எழுதாத. ரெண்டும் வேற வேற."

படிவத்தில் அதற்கு இடமில்லை. ஆம், இல்லை என்று இரண்டே சொற்கள். நான் இரண்டையும் தொடாமல் அடியில் கையால் எழுதினேன்: சூடான இரும்பு சுமக்கும் வேலையும் உயரத்தில் செய்யும் வேலையும் கூடாது, உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் தகுதி, பாதத்தில் உணர்ச்சிக் குறைவு, சர்க்கரைக்கு உடனே மருத்துவர் பார்க்க வேண்டும். மற்ற இருபத்தேழு பேரின் தாள்களில், முதல் அளவீட்டை நம்ப முடியாது, மறுபடியும் எடுக்க வேண்டும் என்று எழுதினேன். ஏன் என்று எழுதவில்லை.

மேலாளர் இருபத்தேழையும் புரட்டாமல் ஒதுக்கிவிட்டு, அந்த ஒன்றை மட்டும் எடுத்து வைத்தார்.

"இவருக்கு மட்டும் ஏன் நாலு வரி?"

"இவருக்கு ரிசல்ட் வேற மாதிரி சார்."

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

அலுவலகத்தில் நான் பார்த்துப் பார்த்துப் பேசுகிற தமிழ் அந்த நேரத்தில் வரவில்லை. "எங்க அக்கா ஊட்டுக்காரர் சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ எனக்கு ரெண்டு டவுட் வருது. அவருக்கு ஈசியான வேலை வாங்கிக் குடுக்க எழுதினீங்களா? இல்ல, வீட்டுல ஏதாவது சண்டையா?"

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் அதையேதான் கேட்டிருப்பேன். "வேற டாக்டர வெச்சுப் பாருங்க சார். ஆனா அதுவரைக்கும் லேடில் பக்கம் விடாதீங்க" என்றேன். அந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காமல் நின்றேன். வாரம் ஒருமுறை ஆலைக்கு வருகிற மருத்துவர் பார்க்கும் வரை மாமாவை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள்.

அந்த ஐந்து நாள் அக்கா என் அழைப்பை எடுக்கவில்லை. ஆலையில் நான் கேன்டீனுக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. பயிற்சிக்கு ஆட்கள் வந்தார்கள். ஆனால் கிண்டல் இல்லை. கைக்குட்டை போட்டுத் திரையை மூடுகிறவர் என்னைப் பார்த்து, "இன்னும் எத்தினி பேரு லிஸ்ட்ல கீது சார்?" என்றார். அதுவரை என்னை டாக்டரே என்றுதான் கூப்பிடுவார்.

மருத்துவர் வந்து அதே கவையை அதே விரலில் வைத்துப் பார்த்தார். நான் எழுதியதையே ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். மேஸ்திரியும் ஆரம்பாக்கத்துக்காரரும் ஒப்பந்ததாரரிடம் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கோர் பிரிவில், அதாவது அச்சுக்குள் வைக்கிற மணல் உருக்களை மேசையில் உட்கார்ந்து செய்கிற இடத்தில், மாமாவுக்கு இடம் கிடைத்தது. 'மறு உத்தரவு வரும் வரை' என்று போட்டிருந்தார்கள். அது எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் யாராவது நாளை எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

மூன்று மாதம் முடிந்து கடைசிச் சோதனை எடுத்தேன். மீதி இருபத்தேழு பேரும் இருபதில் இறங்கினார்கள். பெரிய பெட்டி நிரம்புகிற கணக்கு; பயிற்சியில் தேறியதாகவும் காட்ட வேண்டுமே. வாடகைக்குக் கொடுத்தவர் வந்து எண்களைப் பார்த்துப் பூரித்துப்போய்ப் படமெடுத்துக்கொண்டு போனார். நம்பத் தகுந்ததல்ல என்று அறிக்கையில் எழுதினேன். அதை யாரும் அடியிலிருந்து படித்ததாகத் தெரியவில்லை. ஆனால் பலகைப் பயிற்சியில் முதல் வாரம் நடுங்கி விழுந்தவர்கள் இப்போது கதை பேசிக்கொண்டே பிடிக்கிறார்கள். அதற்கு எண் போட யாரும் சொல்லித் தரவில்லை, அதனால் அதை நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டாள். போனேன். மாமா என்னிடம் இன்னும் நேராகப் பேச ஆரம்பிக்கவில்லை. சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று அக்காதான் சொன்னாள். டீயைக் கொடுத்துவிட்டு, "பாதத்தை தெனம் பாக்கச் சொல்லிகீறாங்க. என்னைக் கிட்ட வுட மாட்டேங்கிறாரு" என்றாள் அவர் காதில் விழும்படி.

அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விளம்பரம் வந்தபோது, நாற்காலியைத் திருப்பாமல், வலது காலை மட்டும் தூக்கி என் பக்கம் நீட்டினார்.

"பாரு" என்றார். "ஆனா எதுவும் எழுதிக்கினு உக்காராத."

பாதத்தை மடியில் வாங்கிக்கொண்டேன். பழைய காயம் ஆறியிருந்தது. நான்காவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே கோர் பிரிவின் மணல் ஒரு பட்டாணி அளவுக்கு இறுகி ஒட்டியிருந்தது. அதன் அடியில் தோல் சிவந்திருந்தது. ஈரத்துணியால் ஊறவைத்து, நகத்தால் மெதுவாக நெம்பி எடுத்தேன். எடுத்து முடித்தும் அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. இன்னும் பார்க்கவே தொடங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.